ஒரே வார்டில் இரண்டு கோவெண்டர்: பார்கோடு எதற்காக?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் சாட்ஸ்வர்த் அல்லது ஃபீனிக்ஸ் பக்கம், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "கோவெண்டர்" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேராவது திரும்புவார்கள். நாயுடு, பிள்ளை, மூட்லி, செட்டி, படையாச்சி என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் இதே கதைதான். கோயிலில் இது சிரிப்புக்கு இடமான விஷயம். மருத்துவமனையில் அப்படி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. இரண்டு கட்டில் தள்ளி இன்னொரு பாட்டி இருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் குடும்பப் பெயர் ஒன்று, முன்னெழுத்தும் ஒன்று. விடியற்காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த செவிலியர் பெயரைச் சொல்லி அழைத்தார். காது மந்தமான அம்மா, யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவதுபோல அதற்கும் ஆட்டினார். கையில் இரண்டு மாத்திரைகள் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா மாத்திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது சர்க்கரை மாத்திரை மாதிரி இருக்கிறதே, எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாதே" என்று கேட்டதால் அது வாய்க்குப் போகாமல் நின்றது. அந்தச் செவிலியரின் முகம் வெளுத்துப்போனதை அக்கா இன்னமும் சொல்லுவாள். முந்தைய மாலையிலிருந்து நின்ற கால் நிற்பில் வேலை பார்த்தவர் அவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் அன்று முழுவதும் ஒரு எண்ணம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் மருந்து விநியோகக் கிடங்கில் வேலை செய்பவன். எங்கள் கிடங்கில் ஓர் இருமல் மருந்துப் பெட்டியை ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு மாற்றுவதென்றால்கூட ஸ்கேன் செய்யாமல் முடியாது. அதே மருந்தை ஒரு மனிதரின் வாயில் போடுவதற்கு மட்டும் ஒரு தலையாட்டல் போதுமானதாக இருந்திருக்கிறது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. பார்கோடு என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, வேலையிடத்திலும் நோயாளியின் படுக்கையருகிலும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

கோட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பேத்தியை அழைத்துவரும் ஓர் ஆயா ஒருமுறை என்னிடம் மீன் டின்னைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இந்தக் கோட்டுக்குள்ளே விலை எழுதியிருக்கிறதா?" பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதில் விலை இல்லை. மீனின் பெயரும் இல்லை. இருப்பது ஓர் எண், அவ்வளவுதான்.

இதை நம் வீட்டுக் கதையை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். நம் குடும்பங்கள் சிலவற்றில் அந்த எண்ணை இன்றும் பழைய காகிதத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை வெறுமனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் பட்டியலில் அதே எண்ணைத் தேடிப் பிடித்தால்தான் கொள்ளுத் தாத்தாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், வயது, ஊர், வந்த கப்பல் எல்லாம் வெளிவரும். எண் ஒரு சாவி. விவரம் இருப்பது பதிவேட்டில்.

பார்கோடும் அச்சு அசலாக இதுவே. கடையில் டின்னை ஸ்கேன் செய்ததும் அந்த எண் கணினிக்குப் போகிறது. கணினி தன் பதிவேட்டில் தேடி, 'தக்காளிச் சாற்றில் மீன், 400 கிராம், இன்றைய விலை இவ்வளவு' என்று எடுத்துத் தருகிறது. விலை ஏறினால் டின்னில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பதிவேட்டில் மாற்றினால் போதும்.

மனிதர்களை எண்ணாக்கியதை நான் பெருமையோடு சொல்லவில்லை. சரக்கை எண்ணுவதுபோல நம் முன்னோரை எண்ணினார்கள். ஆனாலும் அதிகாரிகள் வாயில் நுழையாமல் சிதைந்து, கவுண்டர் கோவெண்டராகி, முதலி மூட்லியாகிப் போன நாட்டில், இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஊரைக் கண்டுபிடிக்க உதவுவது பெரும்பாலும் அந்த எண்தான். பெயர் கலங்கும் இடத்தில் எண் கலங்குவதில்லை. மருத்துவமனைக் கைப்பட்டையின் தேவையும் இங்கேதான் இருக்கிறது.

பதின்மூன்று இலக்கங்கள்

கடைப் பொருள்களில் நாம் பார்க்கும் பார்கோட்டின் கீழே பெரும்பாலும் 13 இலக்கங்கள் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் பதிவான நிறுவனங்களின் எண்கள் 600 அல்லது 601 என்று தொடங்கும். மொரீஷியஸ் என்றால் 609, இந்தியா என்றால் 890. "600 இருந்தால் நம் நாட்டில் செய்தது" என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. அந்த நிறுவனம் தன் எண்ணை இந்த நாட்டு அலுவலகத்தில் வாங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். சரக்கு எந்த நாட்டிலும் செய்யப்பட்டிருக்கலாம்.

முதல் இலக்கங்களுக்குப் பிறகு நிறுவனத்தின் எண்ணும் பொருளின் எண்ணும் வருகின்றன. கடைசி இலக்கம் மட்டும் தனி வகை. அது காவல்காரன். முன்னால் இருக்கும் பன்னிரண்டையும் சரிபார்ப்பதே அதன் வேலை.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்காக நானே போட்ட எண் இது: 600123456789. இடமிருந்து முதல், மூன்றாம், ஐந்தாம் என்று ஒற்றை இடங்களில் இருப்பவை 6, 0, 2, 4, 6, 8. கூட்டினால் 26. இரட்டை இடங்களில் இருப்பவை 0, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 25, அதை மூன்றால் பெருக்கினால் 75. இரண்டும் சேர்ந்து 101. அடுத்து வரும் பத்தின் மடங்கு 110. அதற்கு இன்னும் 9 வேண்டும். ஆகவே பதின்மூன்றாவது இலக்கம் 9. முழு எண் 6001234567899.

இப்போது யாராவது கையால் தட்டும்போது ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் இந்தக் கணக்கு உதைக்கும், கணினி ஏற்காது. எந்த இலக்கமாக இருந்தாலும் ஒற்றைப் பிழையை இது பிடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். அவற்றுக்கு இடையே வித்தியாசம் சரியாக ஐந்தாக இருந்தால் மட்டும் தப்பிவிடும். 27 என்பதை 72 என்று அடித்தால் கூட்டுத்தொகை பத்து மாறும். கடைசி இலக்கம் மாறாது. ஆயாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் வீட்டிலிருந்த டின்களின் எண்களையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

நம் அடையாள எண்ணும் 13 இலக்கம்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்பதைக் காட்டும், கடைசி இலக்கம் அங்கேயும் காவல்காரன். கணக்குப் போடும் முறை மட்டும் கொஞ்சம் வேறு. பழைய பச்சை அடையாளப் புத்தகத்தில் அந்த எண் பார்கோடாகவும் அச்சாகியிருக்கும்.

ஒளி எப்படிப் படிக்கிறது?

ஸ்கேனரிலிருந்து சிவப்பு ஒளி கோடுகளின் குறுக்கே ஓடுகிறது. வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது; கறுப்புக் கோடு விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளி கூடுவதையும் குறைவதையும் உள்ளே இருக்கும் உணரி மின் துடிப்பாக மாற்றுகிறது. இங்கே முக்கியமானது கோட்டின் நீளமோ மில்லிமீட்டர் கணக்கோ இல்லை. கோடுகளுக்கும் இடைவெளிகளுக்கும் உள்ள அகல விகிதம். தவில்காரர் ஒரு சொற்கட்டை முதல் காலத்தில் வாசித்தாலும் இரண்டாம் காலத்தில் வாசித்தாலும் அது அதே சொற்கட்டுதானே? அதுபோல டின்னைக் கிட்டத்தில் பிடித்தாலும் தள்ளிப் பிடித்தாலும் விகிதம் மாறாததால் எண் மாறுவதில்லை.

13 இலக்கப் பார்கோட்டின் முழு அகலம் 95 சமமான கீற்றுகள். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் எல்லைக் கோடுகள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு கீற்றுகள். ஆனால் எண்ணிப் பார்த்தால் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு என்று பன்னிரண்டு இலக்கங்களுக்குத்தான் இடமிருக்கும். முதல் இலக்கம் எங்கே? அதற்கென்று கோடு கிடையாது. இடப்பக்கத்து ஆறு இலக்கங்களை எழுத இரண்டு விதமான வடிவங்கள் உண்டு. எதை எங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற ஒழுங்கிலிருந்தே முதல் இலக்கத்தைக் கணினி அறிந்துகொள்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்களின் மூளையை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது.

ஒளியின் கதையில் ஒரு படிப்பினையும் எங்கள் கிடங்குக்குக் கிடைத்தது. தீபாவளிக்காக ஒரு நிறுவனம் பெட்டிகளை அழகாக அச்சடித்து அனுப்பியது. வெள்ளைத் தாளில் பார்கோடும் சிவப்பு நிறத்தில். கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. ஸ்கேனருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிவப்பு ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளையைப் போலவே பளபளக்கும். அன்று முழுவதும் எல்லாப் பெட்டிகளுக்கும் கறுப்பு லேபிள் ஒட்டினோம்.

பார்கோடு பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜோசப் வுட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்து மோர்ஸ் தந்திக் குறிகளை நினைத்தபடி விரல்களால் கோடிழுத்தபோது இந்த எண்ணம் தோன்றியது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் மலிவான லேசர் ஒளியும் கணினியும் வரும்வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் ட்ராய் என்ற ஊரில், ஒரு கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக ஸ்கேன் ஆனது. அதன் விலை 67 சென்ட்.

கோட்டிலிருந்து கட்டத்துக்கு

கோடுகளால் ஆன பார்கோடு கொஞ்சம்தான் தாங்கும். கோடுகளின் குறுக்கே முழுவதும் ஒளி போனால்தான் படிக்கும். மெல்லிய மணிக்கட்டில் வளைத்துக் கட்டினால் இரு முனைகளும் மறைந்துவிடும். சின்னஞ்சிறு ஊசிமருந்துக் குப்பியில் இடமே இருக்காது. இதற்கு விடையாக வந்தவை புள்ளிகளால் ஆன சதுரக் குறிகள். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கிய கியூஆர் குறி எல்லோருக்கும் தெரியும். மருந்துப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் அதன் உறவினரான டேட்டா மேட்ரிக்ஸ். மூலையில் மூன்று பெரிய சதுரங்கள் இருந்தால் கியூஆர். இடப்பக்கமும் அடியிலும் மட்டும் கனத்த கோடு ஓடினால் டேட்டா மேட்ரிக்ஸ். ஒரு பகுதி கறைபட்டாலும் கிழிந்தாலும் மீதியிலிருந்து விட்டுப்போனதைக் கணக்கிட்டு மீட்கும் வழி இரண்டிலும் உண்டு.

நம் ஓட்டுநர் உரிம அட்டையிலும் காரின் கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டிலும் இன்னொரு வகை இருக்கிறது: கோடுகளை அடுக்கடுக்காகச் சுவர்போல எழுப்பியது. அதில் எண் மட்டும் இல்லை, விவரமே உள்ளே இருக்கிறது. சாவியை மட்டும் தராமல் பதிவேட்டின் ஒரு பக்கத்தையே கிழித்துக் கையில் கொடுத்தது மாதிரி.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? மருந்துப் பெட்டியின் பழைய கோட்டுக் குறி 'இது இன்ன மாத்திரை, இத்தனை மில்லிகிராம்' என்பதோடு நின்றுவிடும். எந்தத் தொகுதியில் செய்தது, எப்போது காலாவதி என்று சொல்லாது. சதுரக் குறியில் பொருளின் எண், தொகுதி எண், காலாவதித் தேதி, ஒவ்வொரு பெட்டிக்குமான தனி வரிசை எண் எல்லாவற்றையும் அடக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2019 பிப்ரவரி 9 முதல் மருத்துவரின் சீட்டுக்கு விற்கும் பெரும்பாலான மருந்துகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது, போலி மருந்தைத் தடுப்பதற்காக.

2018இல் போலனி என்ற தொத்திறைச்சியை நாடு முழுவதும் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். லிஸ்டீரியா கிருமித் தொற்று 1,060 பேரைப் பிடித்து, 216 பேரைக் கொண்டுபோயிற்று. மார்ச் 4 அன்று அமைச்சர் அறிவித்ததும் கடைக்காரர்கள் அடுக்கடுக்காக எடுத்து எறிந்தார்கள். கடையில் இருக்கும் கோட்டுக் குறிக்குப் போலனி என்றால் போலனிதான். எந்த நாள் எந்தத் தொகுதியில் செய்தது என்று அதற்குத் தெரியாது. தொகுதி எண்ணும் குறியில் இருந்தால், திரும்பப் பெறச் சொன்ன பொருளை பில் போடும் இடத்திலேயே இயந்திரம் நிறுத்திவிட முடியும். உலகக் கடைகள் 2027க்குள் சதுரக் குறிகளைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிடங்கில் ஒரு நாள்

வேலையிடத்தில் பார்கோட்டின் பயனை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு வந்ததும் ஸ்கேன். வாங்கச் சொன்னதும் வந்ததும் ஒன்றா என்று தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் குறி உண்டு. பெட்டியை ஸ்கேன் செய்து, தட்டை ஸ்கேன் செய்தால் எது எங்கே என்று கணினி அறியும். மருந்துக் கடைக்கு அனுப்ப எடுக்கும்போது தவறான பெட்டியில் கை வைத்தால் கருவி கீச்சென்று கத்தும். முதலில் காலாவதியாகப் போவது முதலில் வெளியே போக வேண்டும் என்பது எங்கள் விதி. அதையும் கருவியே நினைவூட்டும். நூலகம், ஆடைத் தொழிற்சாலை, துறைமுகக் கிடங்கு, நகராட்சிக் கட்டணச் சீட்டைக் கடையில் கட்டுவது என்று எங்கும் இதே இரண்டு அசைவுகள்தான்: இது எது என்று கேள், இருக்க வேண்டியதோடு ஒப்பிடு.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லுவேன். பத்துப் பெட்டி ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒன்றைப் பத்து முறை ஸ்கேன் செய்யாதே. பத்தில் ஒன்று வேறு வலிமையாக இருக்கும் நாள் வரும். அன்று கணினி பத்தும் சரி என்று சொல்லும். பொய் சொன்னது நீயாக இருப்பாய்.

படுக்கையருகில்

கடையிலும் கிடங்கிலும் இருந்த இந்தப் பழக்கம் படுக்கையருகே வந்த கதை அழகானது. 1992இல் அமெரிக்காவின் டொபீகா நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் செவிலியராக இருந்த சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கே ஒருவர் காரை ஸ்கேன் செய்து நொடியில் கணக்கை முடிப்பதைப் பார்த்தார். காருக்குச் செய்வதை நோயாளிக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வியிலிருந்து வளர்ந்த முறை, சில ஆண்டுகளில் அந்த நாட்டுப் படைவீரர் மருத்துவமனைகள் அனைத்துக்கும் பரவியது.

நடைமுறை இப்படி. நோயாளி சேர்க்கப்பட்டதும் கையில் ஒரு பட்டை கட்டுகிறார்கள்; அதில் பெயர், பிறந்த தேதி, ஒரு சதுரக் குறி. மருத்துவர் எழுதிய மருந்து கணினியில் இருக்கும். மருந்து கொடுக்கும் நேரத்தில் செவிலியர் தன் அடையாள அட்டையை ஸ்கேன் செய்கிறார், நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்கிறார், மருந்தை ஸ்கேன் செய்கிறார். மூன்றையும் கணினி மருத்துவரின் உத்தரவோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் திரை பச்சை, இல்லையென்றால் எச்சரிக்கை. என் அம்மா அன்று எத்தனை முறை தலையாட்டியிருந்தாலும் அவர் கைப்பட்டை தலையாட்டியிருக்காது.

இதனால் உண்மையிலேயே பிழை குறைகிறதா? பாஸ்டன் நகரின் பிரிகம் அண்ட் விமென்ஸ் மருத்துவமனையில் 14,041 முறை மருந்து கொடுப்பதை நேரில் கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். நேரம் தவறுவதை விட்டுவிட்டு மற்றப் பிழைகளைப் பார்த்தால், பார்கோடு இல்லாத இடத்தில் 11.5 சதவீதம், பார்கோடு இருந்த இடத்தில் 6.8 சதவீதம். நோயாளிக்குத் தீங்காகியிருக்கக்கூடிய பிழைகள் ஏறத்தாழப் பாதியாயின. பாதி என்பது பெரிது. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை என்பதையும் பாருங்கள்.

இரத்தப் பையிலும் இதே முறை. இரத்தம் மாறினால் திருத்த நேரம் கிடைக்காது. உலகெங்கும் பல இரத்த வங்கிகள் பின்பற்றும் ஐஎஸ்பிடி 128 என்ற ஒழுங்கில், ஒருவர் ஒருமுறை தந்த இரத்தத்துக்கு இடப்படும் எண் நூறு ஆண்டுகளுக்கு உலகில் வேறெங்கும் திரும்ப வராது. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் இரத்தக் குழாயிலும் நோயாளியின் பக்கத்திலேயே லேபிள் ஒட்ட வேண்டும். மேசைக்குக் கொண்டுபோய் ஆறு குழாய்களுக்குச் சேர்த்து ஒட்டினால், கோடுகள் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை.

எங்கே சறுக்கும்?

பார்கோடு உத்தரவோடு ஒப்பிடும். உத்தரவு சரிதானா என்று அதற்குத் தெரியாது. மருத்துவர் தவறான மருந்தை எழுதியிருந்தால், அந்தத் தவறான மருந்துக்கே பச்சை விளக்கு எரியும். நரம்பில் போட வேண்டிய ஊசியைத் தசையில் போட்டால் அதைக் குறி பார்க்காது. பெரிய டப்பாவிலிருந்து மாத்திரைகளைச் சிறு பைகளில் பிரித்துப் போட்டு லேபிள் ஒட்டும் இடங்களில் லேபிள் மாறிவிட்டால், பிழை ஒரு நோயாளியோடு நிற்காமல் அந்தப் பைகள் போகும் இடமெல்லாம் போகும். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதும் நம்மிடம் வழக்கம். குறி இருந்த துண்டு ஒருவருக்குப் போய்விடும். மற்றத் துண்டுகள் பெயரற்றவை.

மனிதர்கள் சுற்றுவழி கண்டுபிடிப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. 2008இல் அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளை ஆராய்ந்தவர்கள் 15 வகைச் சுற்றுவழிகளைப் பட்டியலிட்டார்கள். நோயாளிகளின் குறிகளை நகலெடுத்து மருந்து வண்டியில் ஒட்டுவது, கதவு நிலையில் ஒட்டுவது, இடுப்பு வளையத்தில் கோத்துக்கொள்வது. படுக்கைக்குப் போகாமலே ஸ்கேன் ஆகிவிடும்! சோம்பலால் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். கைப்பட்டை நனைந்து அழிந்திருந்தது, கருவியின் மின்கலம் தீர்ந்திருந்தது, இணைய இணைப்பு எட்டவில்லை, நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. கருவி வாங்கக் காசு ஒதுக்கும் நிர்வாகங்கள் மின்கலத்துக்கும் லேபிள் சுருளுக்கும் போதிய கைகளுக்கும் ஒதுக்காவிட்டால், சுற்றுவழி முளைக்கத்தான் செய்யும். அதன் பழியைக் கடைசியில் செவிலியர் தலையில் கட்டுவது அநியாயம்.

நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. மின்சாரம் போனால் கணினியும் வலைத்தொடர்பும் என்ன ஆகும்? கிடங்கில் நாங்கள் தாளில் எழுதிவைத்து, மின்சாரம் வந்தபின் பதிவோம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பிழைகள் அதிகம். வார்டில் அதே இரண்டு மணி நேரத்துக்குத் தாள் முறை ஒன்று ஒழுங்காக எழுதப்பட்டு, பழகப்பட்டு இருக்க வேண்டும். பார்கோடு வந்துவிட்டதே என்று பெயர் கேட்கும் பழக்கத்தை மறந்த வார்டு, இருட்டில் முன்னைவிட மோசமாகத் தடுமாறும்.

ஆகவே குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய்விட்டுக் கேட்பது நிற்கக்கூடாது. குறைந்தது இரண்டு அடையாளங்களால் நோயாளியை உறுதிசெய்ய வேண்டும், அறை எண் அதில் ஒன்றாக இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லிவிட்டது. கேட்கும் விதமும் முக்கியம். "நீங்கள் கோவெண்டர் அம்மாதானே?" என்று கேட்டால் என் அம்மா போன்றவர்கள் ஆம் என்றுதான் சொல்வார்கள். "உங்கள் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று கேட்டால் தலையாட்ட வழியில்லை. நம் மூத்தவர்கள் வெள்ளைச் சட்டையைக் கண்டால் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள். சிஸ்டர் கேட்காவிட்டாலும் பெயரையும் தேதியையும் நீங்களே சொல்லுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

சேர்க்கும்போதே கைப்பட்டையை வாங்கிப் பாருங்கள். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் அடையாள அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தவறான பட்டை கட்டப்பட்டுவிட்டால், அதன்பின் ஒவ்வொரு ஸ்கேனும் தவறையே சரி என்று உறுதிசெய்துகொண்டிருக்கும். குளிக்கும்போது நனைந்து எழுத்து மங்கினால் புதிது கேளுங்கள். சொட்டுநீர் ஏற்றுவதற்காகக் கைப்பட்டையை வெட்டுவது உண்டு. வெட்டியதைக் கட்டில் கம்பியில் கட்டவோ அலமாரியின்மேல் வைக்கவோ விடாதீர்கள். மறு கையிலோ, இரண்டு கையிலும் ஊசி இருந்தால் கணுக்காலிலோ, உடனே புதிய பட்டை கட்டச் சொல்லுங்கள்.